தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர்

எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் மனை வாங்கியவர்கள் கடக்கால் தோண்டுவதற்கு முன்பே போர் போட்டார்கள். தண்ணீர் உண்டு என்பது உறுதியான பிறகுதான் கொத்தனாரிடம் பேச்சு. எங்கள் பகுதிக்கு அடியில் கிடப்பது பல்லாவரம், திரிசூலம் மலைகளில் பார்க்கிற அதே பாறை. புவியியல்காரர்கள் அதைச் சார்னகைட் என்பார்கள். அதன் வெடிப்புகளுக்குள் ஊறுகிற நீரைத்தான் நாங்கள் மேலே எடுத்தாக வேண்டும். பாலாற்றுத் தண்ணீர் முறை வைத்துத் தெருக்குழாயில் வரும். குடிக்கவும் சமைக்கவும் அது. குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க, கழிப்பறைக்கு என்று மற்ற எல்லாவற்றுக்கும் போர்த் தண்ணீர்.

முதலில் எங்கள் வீட்டில் கைப்பம்பு இருந்தது. நீர்மட்டம் இறங்க இறங்க அது பயனற்றுப் போய் மோட்டார் வந்தது. பிறகு கம்ப்ரசர். அதற்கும் பிறகு, குழாய்க்குள்ளேயே இறக்கிவிடுகிற சப்மெர்சிபிள். கை வலிக்க அடித்தாவது ஒரு குடம் பிடித்துக்கொள்ளலாம் என்ற வழி கைப்பம்போடு போயிற்று. கரண்ட் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. தாம்பரத்தில் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வெளிச்சத்துக்காக அதை வாங்கினோம் என்பது பாதிக் கதைதான்.

அப்பா ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். தாம்பரம் மின்ரயில் ஷெட்டில் வேலை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடியது என்பதைச் சொந்தக் குடும்பத்துப் பெருமைபோலச் சொல்வார். "ரயிலே கரண்ட்ல ஓடின ஊருடா இது" என்பார். ஆனால் அந்த ஊரில் எங்கள் வீட்டு டியூப் லைட் மாலை ஏழு மணிக்கு மேல் எரியாது. வோல்டேஜ் போதாமல் இரண்டு முனையிலும் சிவந்து துடித்துக்கொண்டிருக்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் தெருவில் மூன்றில் ஒரு வீடு இருட்டு. "உங்க வீட்டுல இருக்கா?" என்று மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டைக் கேட்பது அன்றாடப் பேச்சு. கோடைமழையில் ஒரு முருங்கைக் கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தால் அன்று இரவு அவ்வளவுதான். பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாடிக்குப் போய்விடுவோம்.

ஜெனரேட்டரை நான் முதலில் பார்த்தது சண்முகம் சாலையில். ஸ்டேஷனுக்கு எதிரே போகிற அந்தக் கடைத்தெருவில் மாலை நேரம் கரண்ட் போன மறு நிமிடம் ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் ஒரு பையன் குனிந்து கயிற்றை இழுப்பான். பிர்லா யமஹா, ஸ்ரீராம் ஹோண்டா என்று பெயர் எழுதிய சின்னப் பெட்டிகள். பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். சாலை முழுக்கப் புகை. அத்தனை இன்ஜின்களும் சேர்ந்து போடும் சத்தத்தில் விலை கேட்பதற்கே கத்த வேண்டியிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே கடைகளில் வெளிச்சம் இருந்ததும், வீட்டுக்குத் திரும்பினால் தெரு இருட்டாகக் கிடந்ததும் சிறுவனான எனக்குப் பெரிய அதிசயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கடைகளில் ஒன்று பெரிய டீசல் ஜெனரேட்டருக்கு மாறியபோது அவர்களுடைய பழைய சின்ன மெஷினை அப்பா வாங்கி வந்தார். பின்பக்க வராந்தாவில் வைத்துப் பிரித்துப் போட்டு, கார்பரேட்டரைப் பெட்ரோலில் கழுவி, ஸ்பார்க் பிளக்கைத் தேய்த்து, கயிறு மாற்றி ஓடவைத்தார். நாலு டியூப் லைட், மூன்று ஃபேன், ஒரு டிவி. அதற்கு மேல் அது தாங்காது. முதல்முறை ஓட்டிக் காட்டியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "மோட்டார் போடலாமாங்க?" என்று கேட்டாள்.

"இதுல மோட்டார் ஓடாது" என்றார் அப்பா.

"அப்ப எனக்கு எதுக்கு இது? லைட்டு இல்லாம சமைச்சிடுவேன். தண்ணி இல்லாம என்ன பண்றது?"

அம்மாவின் அந்தக் கேள்விக்கு அப்பா உடனே பதில் சொல்லவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் 746 வாட். அது ஓடத் தொடங்கிய பிறகு உள்ள கணக்கு. கிளம்புகிற அந்த நொடியில் ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். அதைத் தாங்க 3 கேவிஏ அளவில் ஜெனரேட்டர் வேண்டும். அன்றைய எங்கள் நிலைக்கு அது எட்டாத விலை. தாளை மடித்து அலமாரியில் வைத்தார். அது பல வருடம் அங்கேயே கிடந்தது.

2008-லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு நேரம் அறிவிக்கப்பட்டு அமலானது. உற்பத்தியை மீறித் தேவை வளர்ந்துவிட்டிருந்தது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் கைகொடுக்கும். காற்று ஓய்ந்தால் வெட்டு கூடும். 2012 பிப்ரவரிக் கடைசியில் சென்னைக்கும் தினம் 2 மணி நேரம் என்று ஆனது. மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல் போன நாட்கள் உண்டு. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தோம். பெருங்களத்தூர், வண்டலூர் என்று தெற்கே போகப் போக நகரத்துக் கணக்கு தேய்ந்து மாவட்டத்துக் கணக்கு தொடங்கிவிடும். வெளி மாநிலத்திலிருந்து மின்சாரம் வாங்கலாம் என்றால் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடத்தில்தான். புதிய அனல்மின் நிலையங்களும் கூடங்குளமும் வந்து சேர, 2014 ஜூன் 1 முதல் கட்டுப்பாடுகள் எல்லாம் விலக்கப்பட்டன.

அந்த வருடங்களில்தான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. சத்தமில்லை, புகையில்லை, கயிறு இழுக்க வேண்டாம். கரண்ட் போனதே தெரியாமல் ஃபேன் ஓடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படித்து எழுதியதற்கு அந்த பேட்டரிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. எங்கள் வீட்டிலும் இன்வெர்ட்டர் வாங்கினோம். எல்லோரும் அத்தோடு நின்ற இடத்தில், அப்பா மட்டும் ஒரு படி மேலே போனார். அதற்குக் காரணம் எதிர்வீட்டு மாமா.

மாமாவுக்கு நுரையீரல் தளர்ந்துபோயிருந்தது. சானடோரியம் மருத்துவமனையில் பல வாரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய அந்த இடம், இன்றைக்கு நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. எங்கள் பகுதிக்காரர்களுக்கு மூச்சு சம்பந்தப்பட்ட எதற்கும் அதுதான் போக்கிடம். வீட்டிலேயே ஆக்ஸிஜன் கொடுக்க ஒரு கான்சன்ட்ரேட்டர் மெஷின் வைத்தார்கள். சுமார் 350 வாட் இழுக்கும். வழக்கமான 150 ஏஎச் பேட்டரி ஒன்று போட்ட இன்வெர்ட்டரில் அதை ஓட்டினால் மூன்று, மூன்றரை மணி நேரம். அதற்கு மேல் கரண்ட் வராவிட்டால் சிலிண்டரைத் தேடி ஓட வேண்டும். ஓர் இரவு அப்படித்தான் ஆயிற்று. குரோம்பேட்டையிலிருந்து சிலிண்டர் வந்து சேரும்வரை மாமி மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் மாமாவின் விரல் நுனிகள் நீலம் பாய்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த எவரும் இது பேட்டரியோடு முடிகிற விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

மறுவாரம் அப்பா அலமாரியிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தார். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கொஞ்சம், நான் கொஞ்சம், மாமாவின் மகன் கொஞ்சம் போட்டு, 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். காம்பவுண்டின் மூலையில், ஜன்னல்களிலிருந்து தள்ளி, தகரக் கூரை போட்டுத் திறந்த இடத்தில் வைத்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கல் கட்டி அதன் மேல்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மழைக்கு நனையாமலிருக்க வீட்டுக்குள் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய அறையில் தூங்குகிறவர்களை எழுப்பாமலேயே கொன்றுவிடும் என்பதை ஒவ்வொருவருக்கும் நிற்கவைத்துச் சொல்வார்.

இன்னொன்றிலும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச். பலர் வீட்டில் இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரை வைத்து, ஜெனரேட்டரிலிருந்து சுவர் பிளக்குக்குள் கரண்டைச் செலுத்திவிடுவார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்தால், 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருகிற அதே பெட்டி இதை 11,000-க்கு ஏற்றிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அங்கேயே கருகிப்போவார். "கரண்டுக்கு ஆள் தெரியாதுடா" என்பது அப்பாவின் வாக்கு. ஷெட்டில் வேலை செய்த காலத்தில் கூட வேலை பார்த்த ஒருவரை அப்படி இழந்தவர் அவர்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை பெய்தது என்று சொன்னால் போதாது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு கரை தாண்டி முதல் மாடி வரை ஏறியது. எங்கள் தெரு ரயில்பாதைப் பக்கத்து மேட்டில் இருந்ததால் வாசல்வரை வந்து நின்றது. வரதராஜபுரத்திலிருந்து சித்தி குடும்பம் படகில் வெளியேறி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களும். மின்வாரியம் பாதுகாப்புக்காக லைனை நிறுத்தியிருந்தது. ஊரெல்லாம் தண்ணீர், வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு இல்லை.

கல் மேடையில் இருந்த ஜெனரேட்டரின் அடிப்பாகத்தைக்கூட வெள்ளம் தொடவில்லை. அந்த நாட்களில் எங்கள் போரிலிருந்து எடுத்த தண்ணீரைத்தான் அக்கம்பக்கத்தார் குடத்தில் கொண்டுபோனார்கள். மாமாவின் மெஷினுக்கும் ஒயர் இழுத்திருந்தோம். அதே வாரம் மணப்பாக்கத்தில் அடையாற்றை ஒட்டியிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் இருந்த இடத்துக்குள் வெள்ளம் புகுந்ததையும், தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்ததையும் பத்திரிகைகளில் படித்தோம். அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தன் கல் மேடையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு அது எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்த மழை இந்த நகரத்துக்கு மிகக் கொடுமையாகச் சொல்லிக்கொடுத்தது.

அடுத்த வருடம் டிசம்பர் 12, வர்தா புயல். முதல்வர் ஜெயலலிதா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம். திங்கட்கிழமை மதியம் காற்று திசை மாறி அடித்தபோது எங்கள் தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து இரண்டு கம்பங்களை இழுத்துக்கொண்டு விழுந்தது. மாலையில் வெளியே வந்து பார்த்தால், தெரு முழுக்கப் பச்சை இலை. அதற்குள் பின்னிக்கிடக்கிற கம்பி. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கில் கம்பங்கள் விழுந்திருந்தன. கரண்ட் வர நாளாகும் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது.

முதல் இரவு இன்வெர்ட்டர்கள் தாங்கின. இரண்டாம் நாள் காலையில் ஒவ்வொன்றாகக் கத்தி ஓய்ந்தன. மாடித் தொட்டிகள் காலி. சம்ப்பில் தண்ணீர் இருந்தவர்கள் வாளியில் கயிறு கட்டி இறைத்தார்கள். போர் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. தண்ணீருக்கு மேலேயே நின்றுகொண்டு ஒரு டம்ளர் எடுக்க முடியாத நிலை. கைக்குழந்தை இருக்கும் வீடு, மூட்டுவலியில் படி இறங்க முடியாத பாட்டி இருக்கும் வீடு, எல்லாம் ஒரே நிலைதான்.

அன்று மதியம் குட்டி யானை வண்டிகளில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் தெருத்தெருவாக வரத் தொடங்கினார்கள். கல்யாண மண்டபங்களுக்கும் மேடைக் கச்சேரிகளுக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள். வாசலில் வண்டியை நிறுத்தி, மோட்டாருக்கு ஒயர் கொடுத்து, தொட்டி நிரம்பும்வரை ஓட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்த நாட்களில் அவர்கள் செய்தது பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரொக்கம் வேண்டும். ஏடிஎம்மில் பணம் இல்லை; பணம் இருந்த ஏடிஎம்முக்குக் கரண்ட் இல்லை. கையில் ஒரே ஒரு 2000 ரூபாய்த் தாள் வைத்திருந்தவருக்குச் சில்லறை கொடுக்க ஆளில்லை. எங்கள் தெருக்கோடியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் அக்கா ஒருத்தி, வண்டி வருவதையும் போவதையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே தெருவில் இருந்த ஆண்களையும் பெண்களையும் எங்கள் வாசலுக்குக் கூப்பிட்டார். ஒரு நோட்டை எடுத்தார். வீட்டுக்கு அரை மணி நேரம். மாமா வீட்டு மெஷினுக்கு இரவு முழுக்கக் கரண்ட். பிறகு கைக்குழந்தை உள்ள வீடுகள், முதியவர் மட்டும் இருக்கும் வீடுகள், போர் மட்டுமே உள்ளவை, கடைசியாகச் சம்ப் உள்ளவை. எங்கள் வீடு பட்டியலின் அடியில். பெட்ரோலுக்கு ஆளுக்கு முடிந்ததைப் போடுவது. முடியாதவர் போட வேண்டாம். நோட்டில் யார் எவ்வளவு போட்டார் என்று எழுதக்கூடாது என்றும் சொன்னார். தண்ணீர் கொடுத்த கணக்கை மட்டும் எழுதினோம்.

மெஷின் கனம். நான்கு பேர் சேர்ந்து தூக்கி, கறிகாய் விற்கிற தம்பியின் மூன்று சக்கர வண்டியில் ஏற்றினோம். ஒவ்வொரு வீட்டிலும் செய்முறை ஒன்றுதான். முதலில் மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வீட்டுக்காரர் கையில் கொடுப்பார் அப்பா. மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து இபி ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜெனரேட்டர் ஒயரை நேராக மாட்டுவார். வீட்டு போர்டு எதற்கும் கரண்ட் போகாது. மோட்டார் மட்டும். "ஒரு லைட்டு எரியவிடேன்ப்பா" என்று யாராவது கேட்டால், "எமர்ஜென்சி லைட்டை இங்க கொண்டுவா, சார்ஜ் ஏத்தித் தர்றேன்" என்பார். மெஷினிலேயே இருந்த பிளக்கில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி வைத்திருந்தோம். பிள்ளைகள் தெருவிலிருந்த அத்தனை செல்போன்களையும் வாங்கிப் பேர் எழுதி வரிசைப்படுத்தினார்கள். துபாயிலும் பெங்களூருவிலும் இருக்கும் மகன்களோடு அம்மாக்கள் பேசியது அப்படித்தான்.

மோட்டார் கிளம்பும்போது இன்ஜின் ஒருமுறை முக்கிக் குரல் இறங்கும், பிறகு நிமிரும். அந்த இடைவெளியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மாடியிலிருந்து யாராவது "விழுதுங்க!" என்று குரல் கொடுத்தவுடன் அந்த வீட்டுப் பெண்கள் முகத்தில் தெரிந்ததை நான் வேறெந்த சந்தர்ப்பத்திலும் பார்த்ததில்லை. அரை மணி நேரத்தில் ஒரு 1000 லிட்டர் தொட்டி பெரும்பாலும் நிரம்பிவிடும். தெருக்கோடி அக்காவின் வீட்டில் போரே கிடையாது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது ஓஸ் போட்டு அவளுடைய டிரம்மை முதலில் நிரப்பினோம். பெட்ரோல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தது. பங்க்குகளும் ஜெனரேட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இளைஞர்கள் விடியற்காலையில் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார்கள்.

கம்பம் நட வந்த மின்வாரியத் தொழிலாளர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள். விழுந்த மரத்தை அறுத்து, குழி தோண்டி, கம்பத்தைத் தோளில் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் கம்பத்தில் ஏறுவதற்கு முன் தெருவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "யார் வீட்லயாச்சும் ஜெனரேட்டர் ஓடுதாங்க?" அப்பா முன்னால் போய், "ஒண்ணே ஒண்ணுதான்யா ஓடுது. அதுவும் லைன்ல இல்ல, நேரா மோட்டாருக்கு. வந்து பாருங்க" என்று அழைத்துப்போய்க் காட்டினார். பார்த்துவிட்டு அந்தத் தம்பி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் வேறொரு தெருவில் கம்பியில் கரண்ட் திரும்பி வந்து தப்பித்ததைச் சொன்னார். அன்று மதியம் அத்தனை பேருக்கும் எங்கள் தெருவில்தான் சாப்பாடு. சாம்பாரும் அப்பளமும்தான், ஆனால் கைகழுவக் குழாயில் தண்ணீர் வந்தது.

கரண்ட் வந்த இரவு தெருவில் பெரிய ஆரவாரம். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்த ஒற்றுமை பேச்சளவில் நின்றது. தனி வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டத் தொடங்கினார்கள். அங்கே டீசல் ஜெனரேட்டர் சத்தம் அடக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது; ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 75 டெசிபலுக்கு மேல் கேட்கக்கூடாது என்பது விதி. லிஃப்ட், பொது விளக்கு, மோட்டார் எல்லாம் அதில் ஓடும். மாதச் சந்தாவில் அது அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் தனி வீடுகளில் இருப்பது இன்வெர்ட்டர். சிலருக்குக் கூரையில் சோலார். நல்லவைதான். ஆனால் புயல் நாட்களில் இரண்டு மூன்று நாள் வெயில் இருக்காது. வழக்கமான வீட்டு இன்வெர்ட்டர் ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கிளப்பாது.

மாமா போய்விட்டார். அப்பாவும் போய்விட்டார். மெஷினைப் பராமரிக்கும் வேலை எனக்கு வந்தது. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் சும்மா ஓட்டுவது, ஓட்டி முடித்ததும் பெட்ரோல் வால்வை மூடி கார்பரேட்டரில் இருப்பது தீரும்வரை விடுவது, வருடம் ஒருமுறை ஆயில் மாற்றுவது. இவ்வளவுதான் அவர் எழுதிவைத்துப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டி மறுபடி லைன் நிறுத்தப்பட்டபோது முதல் இழுப்பிலேயே கிளம்பியது. இதற்குள் நாங்கள் தாம்பரம் மாநகராட்சி ஆகியிருந்தோம். முடிச்சூரில் மறுபடி வெள்ளம். எங்கள் தெருவில் மறுபடி காலித் தொட்டிகள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததே தெரியாது. நோட்டைப் பிரித்து வைத்து வரிசை போட்டபோது, அப்பா கையெழுத்தில் இருந்த பழைய பக்கத்தைப் பார்த்து ஓர் இளம் தாய், "அப்பவே கைக்குழந்தை வீடுதான் ஃபர்ஸ்டா, அண்ணா?" என்று கேட்டாள். அந்த வருடம் அவள் வீடுதான் முதலில்.

மழை விட்டபின் நலச்சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நம் தெருக்களில் கண்காணிப்பு கேமராவுக்குச் சந்தா போட்டிருக்கிறோம், கேட்டுக்குப் போட்டிருக்கிறோம். ஒரு ஜெனரேட்டருக்கும் போட வேண்டும் என்றேன். சிலர் புகையைச் சொல்லி மறுத்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம். வருடத்தில் சில நாட்கள் மட்டும், வீட்டுக்கு அரை மணி நேரம் ஓடுகிற ஒரே மெஷின், வீட்டுக்கு ஒன்று ஓடுவதைவிடக் குறைந்த புகை என்று பதில் சொன்னேன். அடுத்த மழைக்கு முன் பெரிய மெஷின் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வாங்கினோம். சக்கரம் வைத்தது, ஒரு பெண்ணே தள்ளிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு வீட்டு மோட்டாருக்கும் வெளிச்சுவரில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்துவிட்டோம். ஒயரைக் கழற்றி மாட்டும் வேலை இனி இல்லை. தெருவில் இரண்டு பெண்களும் மூன்று இளைஞர்களும் ஓட்டப் பழகியிருக்கிறார்கள்.

வேளச்சேரி, மேடவாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று எங்கே நண்பர் வீட்டுக்குப் போனாலும் இதைச் சொல்லிவருகிறேன். உங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கலாம், வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்குங்கள். வெள்ளம் தொடாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். லைனோடு ஒட்டாதபடி சுவிட்ச் போடுங்கள். யாருக்கு முதல் முறை என்பதை மழைக்கு முன்பே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். பணம் போட முடியாத வீட்டின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்; கூட்டத்தைச் செப்டம்பரிலேயே கூட்டுங்கள்.